தூண்டிலும் குறிப்பேடும்

பங்குக்குரு ஒருவர் மாலை வேளையில் ஏரிக்கரையில் தூண்டிலோடு அமர்ந்திருப்பதைக் காணும் ஊரார் முதலில் நகைப்பர், பிறகு பழகிவிடுவர், அதன்பின், "இன்னா சாமி, இன்னிக்கு எதுனா பட்டுதா?" என்று நலம் விசாரிப்பதுபோல் நாள்தோறும் விசாரிக்கத் தொடங்குவர். பெருநகரை அடுத்துள்ள இவ்வட்டாரத்திற்கு 2018 ஜூன் திங்களில் மாற்றலாகி வந்த நாம், ஓராண்டுக்குள் அந்த விசாரிப்புக்கு உரியவர் ஆகிவிட்டோம். சர்க்கரை நோய்க்கு நடக்கச் சொன்னவர் மருத்துவர். நடந்துபோய்ச் சேரும் இடம் ஏரிக்கரையாக அமைந்தது. வெறுமனே உட்கார்ந்திருக்க நமக்கு வராது. ஆதலின், சிறுவயதில் பாலாற்று மடுக்களில் பழகிய தூண்டிலை மீண்டும் கையில் எடுத்தோம்.

இவ்வட்டாரம் அறியாத வாசகருக்காக ஓரிரு சொற்கள். சவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு பெருநகரைத் தொட்டுக்கொண்டு சென்று, திருமுக்கூடலில் வேகவதியோடும் பாலாற்றோடும் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அதில் மணல்தான். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்தால் கால்வாய்கள் வழியே ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பும். மேலேரியின் கலங்கல் வழிந்தால் அந்நீர் கீழேரிக்கு வரும். மீனும் அவ்வழியேதான் ஏறும், இறங்கும். நாம் அமரும் ஏரி அத்தொடரில் ஒரு சிற்றேரி. வெளியூராருக்குப் பெயர் சொன்னால் தெரியும் அளவுக்குப் பெரிதன்று. அதன் மீன்பாசி உரிமை மூன்றாண்டுக்கு ஒருமுறை ஏலம் போகும். குத்தகைதாரர் வலை வீசுவார். தூண்டிலுக்கு அவரிடம் வாய்மொழியாக இசைவு பெற்றுக்கொண்டோம். "சாமி தூண்டில்ல எவ்ளோ புடிச்சிடப் போறாரு" என்பது அவர் போட்ட கணக்கு. அது சரியான கணக்கே.

தூண்டிலோடு ஒரு குறிப்பேடும் நம்மிடம் சேர்ந்தது. அட்டை போட்ட நல்ல நோட்டு. மீன் பட்ட நாளன்று இரவு உணவுக்குப்பின், பேனாவில் மை நிரப்பி, அழகாக எழுதுவோம். "மேற்கு வானம் செம்பட்டு விரித்திருந்த வேளையில், தக்கை ஒருமுறை தயங்கி, மறுமுறை முற்றிலும் மூழ்கியது" என்ற நடையில் பக்கம் பக்கமாகப் போகும். 2020ஆம் ஆண்டின் கோடையில், கொள்ளை நோயின் காரணமாகக் கோவில் கதவுகள் அடைபட்டுக் கிடந்தபோது, அந்நோட்டு மிகவும் தடித்துவிட்டது. விருந்தினராக வரும் உடன்குருக்களுக்கு அதிலிருந்து சில பகுதிகளைப் படித்துக் காட்டியதும் உண்டு. அவர்கள் பாராட்டினர். மீன் படாத நாட்களில் நாம் எதுவும் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது என்று எண்ணினோம்.

அந்நோட்டின் தகுதி 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிப்பட்டது.

ஊரில் ஒரு வழக்கு எழுந்தது. 2019ஆம் ஆண்டின் கோடையில் ஏரி அடிமண் தெரிய வற்றிப் போயிருந்தது. சென்னைக்கு நீர் தரும் செம்பரம்பாக்கமே வறண்டுபோன கோடை அது. அவ்வாண்டின் மழையில் ஏரி மீண்டும் ஓரளவு நிரம்பியபின், குத்தகைதாரர் அதில் ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சுகளை விட்டுவிட்டார் என்றும், அவை வளர்ந்து உளுவை, அயிரை, கெண்டை, விரால் ஆகிய நாட்டு மீன்களையெல்லாம் தின்று தீர்த்துவிட்டன என்றும் மக்கள் முறையிட்டனர். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க நடுவண் அரசு 2000ஆம் ஆண்டிலேயே தடை விதித்துள்ளது. எதையும் தின்னும், காற்றையும் சுவாசிக்கும், ஈரம் இருந்தால் தரையில் ஊர்ந்து அடுத்த குட்டைக்குப் போகும். தான் விடவே இல்லை, வெள்ளத்தில் எங்கிருந்தோ வந்திருக்கும் என்று குத்தகைதாரர் மறுத்தார்.

முறையிட்டவர்களில் முதன்மையானவர் இருளர் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு பெரியவர். ஊத்தா கவிழ்த்தும், சேற்றைத் துழாவிக் கைகளாலும் சிறுமீன் பிடிப்பவர். அவர் மனைவி அதைக் கூறு கட்டி விற்பார். அந்தக் கூறுகளே அவ்வீட்டின் அரிசி. குத்தகைதாரர் வேண்டுவது கட்லாவும் ரோகும். சிறுமீனைப் பெரியவர் பிடித்துக்கொள்வதில் அவருக்கு மறுப்பில்லை. சிறுமீன் அற்றுப்போனால் நட்டம் பெரியவர் ஒருவருக்கே.

விசாரிக்க வந்த அலுவலர் பொறுமையானவர். மக்கள் எல்லோரும் ஒரே குரலில், "எங்க சாமி எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்காரு" என்றனர். நாமும் பெருமிதத்தோடு நோட்டைக் கொண்டுவந்து அவர்முன் வைத்தோம். அவர் சில பக்கங்களைப் புரட்டினார். பிறகு மிகவும் மரியாதையாகவே கேட்டார்: "ஃபாதர், இந்த ரெண்டரை வருஷத்துல மொத்தம் எத்தனை நாள் போனீங்க? எத்தனை நாள் ஒண்ணுமே கிடைக்கலை? போன நாள்ல எவ்வளவு நேரம் உட்கார்ந்தீங்க?"

மூன்று கேள்விக்கும் நம்மிடம் விடை இல்லை. 2018ஆம் ஆண்டில் பத்து முறை போய் எட்டு முறை மீன் பட்டதா, நாற்பது முறை போய் எட்டு முறை பட்டதா என்பதை அந்நோட்டு சொல்லாது. 2020இல் மிகுதியாக எழுதியிருந்தோம் என்றால், அது மீன் மிகுந்ததனாலா, நமக்கு ஓய்வு மிகுந்ததனாலா? நோட்டை நம்பினால், குத்தகைதாரரின் காலத்தில் ஏரியில் மீன் பெருகியிருக்கிறது என்றுகூட வாதிக்கலாம். குத்தகைதாரர் அவ்வாறே வாதித்தார். நம் செம்பட்டு வானத்தை அவர் தமக்குச் சாட்சியாக்கிக்கொண்டார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அதே நோட்டில், "இரண்டரைக் கிலோ விரால்" என்று ஒரு பதிவு இருந்தது. அந்த விராலை நாம் நிறுக்கவே இல்லை. கையில் தூக்கிப் பார்த்து ஒன்றரைக் கிலோ இருக்கலாம் என்று நினைத்தோம். இரவில் பேனாவை எடுக்கும்போது அது இரண்டரை ஆகிவிட்டது. அலுவலரின் விரல் அந்த வரியைக் கடந்து சென்றபோது நம் நெஞ்சு அடித்துக்கொண்டது இன்றும் நினைவில் உள்ளது. பிறருடைய பாவசங்கீர்த்தனத்தை முப்பது ஆண்டுகளாகக் கேட்டு வருபவர், யாரும் கேளாத ஒரு நோட்டில், யாருக்கும் பயனில்லாத ஒரு கிலோவைக் கூட்டி எழுதியிருந்தார்.

வழக்கு தள்ளுபடியாகவில்லை, முடிவும் ஆகவில்லை. "போதிய ஆதாரம் இல்லை" என்ற நிலையில் நின்றுபோனது. கரையில் திரும்பி நடக்கையில் பெரியவர் நம்மோடு வந்தார். கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் குழம்பித்தான் இருந்தார். "பட்ட அன்னிக்கு மட்டும் எழுதிக்கினு, படாத அன்னிக்கு எழுதாங்காட்டி, அது எப்பிடி சாமி கணக்கு ஆவும்?" என்று கேட்டார். எழுத்தறியாதவர் அவர்.

அந்த வாரத்தில் ஒருநாள் உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோவிலுக்குச் சென்றோம். அங்குள்ள கல்வெட்டுகளைப் பற்றிப் பள்ளிப் பாடநூலில் படிக்காதவர் இரார். முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921இல் பொறிக்கப்பட்டவை. குடவோலை முறைக்காகவே அவை புகழ் பெற்றுள்ளன. ஆனால் நம் கண்ணில் அன்று வேறொரு விதி நின்றது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவர் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவர். அவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர். அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். அவ்வூரின் பேரேரி பல்லவர் காலத்து வயிரமேக தடாகம். ஏரி மீனுக்கு இறுத்த இறையைப் பழங்கல்வெட்டுகள் பாசிப்பாட்டம் என்று குறிக்கும். 'மீன்பாசிக் குத்தகை' என்று இன்றைய ஏலத் தாள்களில் காண்பதிலும் அப்பழைய சொல்லே ஒலிக்கிறது. ஏரியும் மீனும் கணக்கும் ஆயிரம் ஆண்டுகளாக இம்மண்ணில் ஒன்றாகவே இருந்திருக்கின்றன. நாம்தான் அவற்றைப் பிரித்து, கணக்கை விட்டுவிட்டுக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தோம்.

குருமடத்தில் நமக்கு இது கற்பிக்கப்படாமல் இல்லை. புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளில், ஒரு குறிப்பிட்ட குறையைத் திருத்த விரும்புபவர் நாளொன்றுக்கு இரு கோடுகள் வரைந்து, தவறும்போதெல்லாம் ஒரு புள்ளி வைக்கவேண்டும் என்று உள்ளது. அந்த ஏட்டில் வெற்றிக்கு இடமே கிடையாது. தவறியதற்கு மட்டுமே புள்ளி. நவசந்நியாசிகளைப் போல் நாமும் ஓராண்டு அதை எழுதினோம், பிறகு விட்டுவிட்டோம். யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தையும் மறந்துவிட்டோம். அங்கு வலையில் அகப்பட்டவை 153 பெரிய மீன்கள். அந்த எண்ணுக்குப் பொருள் தேடிய மேதைகள் பலர். ஒன்று முதல் பதினேழு வரையுள்ள எண்களைக் கூட்டினால் 153 வரும் என்று புனித அகுஸ்தீனார் விளக்குவார். தேர்வில் அதை எழுதி மதிப்பெண்ணும் பெற்றோம். கடற்கரைப் பங்கொன்றில் உதவிக் குருவாக இருந்தபோது அதைப் பிரசங்கத்தில் சொன்னோம். கோவிலுக்கு வெளியே ஒரு மீனவர், "பங்கு பிரிக்கணுமே சாமி, எண்ணாம எப்பிடிப் பிரிக்கிறது?" என்றார். அன்று சிரித்துவிட்டு வந்தோம். இப்போது எண்ணிப் பார்க்கையில், அதே அதிகாரத்தில் முந்தின இரவு முழுவதும் அவர்களுக்கு ஒன்றும் படவில்லை என்பதும் எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறோம். எழுதியவர் இரண்டையும் எழுதியிருக்கிறார்.

மார்ச் மாதத்தில் புதிய நோட்டு வாங்கினோம். இம்முறை சட்டைப் பையில் அடங்கும் சிறு நோட்டு. பால் உறையை வெட்டித் தைத்த மேலுறை. பேனாவுக்குப் பதில் பென்சில். மை நனைந்தால் கரையும், பென்சில் கரையாது. மேலும், பென்சிலால் கரையிலேயே எழுத முடியும். இரவுவரை காத்திருந்தால் மீன் வளர்ந்துவிடுகிறது என்பதை நாம் பட்டறிந்திருந்தோம் அன்றோ!

ஒரு நாளுக்கு ஒரு வரி. தேதி, உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், மதகில் நீருக்கு மேல் தெரியும் படிகள் எத்தனை, காற்று எந்தப் பக்கம், நீர் தெளிவா, செந்நீரா, பாசிப் பச்சையா, இரை மண்புழுவா, மாவு உருண்டையா, தவளையா, பட்டது என்ன. படாவிட்டால் ஒரு சுழி. போகாத நாளுக்கு ஒரு கோடு. சுழியும் கோடும் ஒன்றல்ல என்பதைத் தனியே சொல்லவேண்டும். போய் அமர்ந்து வெறுங்கையோடு திரும்பியது ஏரியைப் பற்றிய செய்தி. போகாமலிருந்தது நம்மைப் பற்றிய செய்தி. இரண்டையும் வெற்றிடமாக விட்டால் பின்னர் எது எதுவென்று யாராலும் பிரிக்க இயலாது. தராசு வைத்துக்கொள்ளவில்லை. மூங்கில் கழியிலேயே கால் அடிக்கு ஒரு வெட்டு வைத்து, மீனை அதன்மீது கிடத்தி நீளத்தை மட்டும் எழுதினோம். கழியில் வைத்த வெட்டு இரவில் நீளாது.

முதல் மூன்று மாதம் இது பெரிய சலிப்பைத் தந்தது. பக்கம் நிறையச் சுழிகள். மாலைதோறும் நாம் எத்தனை முறை தோற்றிருக்கிறோம் என்பது அதுவரை நமக்கே தெரியாது. முதல் நோட்டைப் படித்த உடன்குருக்கள் நம்மைத் தேர்ந்த தூண்டிற்காரர் என்று எண்ணியிருப்பார்கள். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். உண்மையில் மூன்று நாளில் இரண்டு நாள் வெறுங்கையாகத் திரும்புபவர் நாம்.

ஆனால் ஓராண்டு கடந்து, மழைக்காலமும் கோடையும் ஒருமுறை சுற்றி வந்தபின், அந்தச் சுழிகள் பேசத் தொடங்கின. பௌர்ணமியை ஒட்டி மீன் நன்றாகப் படும் என்று ஊரில் எல்லோரும் சொல்வர். நாமும் பிறருக்குச் சொல்லியிருக்கிறோம். நம் மாலைகளில் அதற்குச் சான்று இல்லை. பௌர்ணமியன்று பட்டது நினைவில் நிற்கிறது, படாதது நிற்பதில்லை, அவ்வளவே. அமர்ந்த முதல் அரை மணியில் தக்கை அசையாவிட்டால் அந்த இடத்தில் அதன்பின் பட்டது மிகக் குறைவு. முன்பெல்லாம் அதே கல்லின்மேல் இரண்டு மணி நேரம் தவம் கிடந்திருக்கிறோம். புதுவெள்ளம் செந்நீராக வரும் முதல் வாரம் முழுவதும் சுழி. நீர் தெளியத் தொடங்கும்போது மண்புழுவுக்குக் கெளுத்தி வரும். சித்திரை, வைகாசியில் நீர் முழங்காலளவு குறைந்தபின், வெயில் ஏறினால் கெண்டை இரையைத் தொடாது. நீரில் கரைந்த பிராணவாயு அப்போது குறைந்துவிடுகிறது. விராலோ மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும் இனம். ஆதலால் அவ்வேளையிலும் அது இரை எடுக்கிறது. தக்கையாகச் செருப்பின் ரப்பர் துண்டைவிட மயில் இறகின் தண்டே நல்லது என்பதையும் இந்நோட்டிலிருந்தே அறிந்தோம் என்றால், உடன்குருக்கள் இன்னும் நம்ப மறுக்கின்றனர்.

மழைக்காலத்தில், ஏரியோரக் கோரைகளிடையே செந்நிறப் பொட்டு ஒன்று நீரின் மேற்பரப்பில் நகர்வதைக் காணலாம். நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள் ஒன்றாய்த் திரண்டு நீந்துவது அது. கீழே தாய் தந்தை மீன்கள் காவல் இருக்கும். அந்நேரத்தில் அவற்றைப் பிடிப்பது மிக எளிது. குஞ்சுகளைக் காக்க எதன்மேலும் பாய்வன அவை. முதல் நோட்டில் நாம் பெருமையோடு எழுதிய விரால் ஒன்று அவ்வாறு பிடிபட்டதே என்பதைத் தேதியை வைத்துப் பின்னர் கண்டுகொண்டோம். செந்திரளைக் காணும் நாட்களையும் இப்போது எழுதுகிறோம். அந்நாட்களில் தவளை இரை போடுவதில்லை.

இத்தகைய ஏடுகளை எழுதியோர் வரலாற்றில் எவரெவர் என்று தேடிப் படித்தோம். நம் நாட்டு ஏரிகளில் தூண்டிலிடுவதைப் பற்றி எச். எஸ். தாமஸ் என்ற சென்னை மாகாண அதிகாரி 1887இல் ஒரு தனி நூலே எழுதியிருக்கிறார். அதற்கும் முன்னர், தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிய படை அதிகாரி, பனையேறிக் கெண்டை ஒன்றைக் குளத்தருகே பனைமரத்தில் ஐந்தடி உயரத்தில் தாம் பிடித்ததாகக் குறித்து வைத்தார். 1791ஆம் ஆண்டு நவம்பர் மாதம் என்று காலமும், அடிக் கணக்கும் சேர எழுதியதனால், இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அறிஞர்கள் அதைப் பற்றி வாதாடுகின்றனர். பறவை கொண்டுவந்து போட்டிருக்கும் என்று கருதுவோரும் உண்டு. வாதாடவாவது அதில் ஏதோ இருக்கிறது.

நம் தொழிலைச் சேர்ந்தவர்களும் உளர். இங்கிலாந்தில் செல்போர்ன் என்ற சிற்றூரில் பணியாற்றிய ஆங்கிலிக்கன் குரு கில்பர்ட் ஒயிட், 1768 முதல் 1793இல் தாம் இறக்கும் வரை, வானிலையையும் பறவைகளின் வரவையும் கட்டம் போட்ட ஏட்டில் எழுதிவந்தார். அவரினும் நம்மை நாணச் செய்தவர்கள் ஜப்பானிய சுவா ஏரிக்கரையின் ஷிந்தோ பூசாரிகள். குளிர்காலத்தில் அவ்வேரி உறைந்து பனிக்கட்டி வெடித்து மேலெழும் நாளை 1443ஆம் ஆண்டிலிருந்து தலைமுறை தலைமுறையாகக் குறித்து வருகின்றனர். உறையாத ஆண்டில் ஏடு காலியாக விடப்படுவதில்லை. 'உறையவில்லை' என்று எழுதப்படுகிறது. முற்காலத்தில் அரிதாக இருந்த அந்தச் சொல் அண்மைக் காலத்தில் அடிக்கடி வருகிறது. பூமி வெப்பமடைவதைக் காட்டும் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்றாக அதை அறிவியலார் இன்று ஆய்கின்றனர். பூசாரிகள் பனிக்கட்டி எழுந்த ஆண்டுகளை மட்டும் கொண்டாடி எழுதியிருந்தால், காலியாக உள்ள ஆண்டுகளைக் கண்டு, பூசாரிக்கு உடல்நலம் இல்லையோ என்றுகூட எண்ணத் தோன்றும்.

2021ஆம் ஆண்டின் கோடையிலிருந்து நம் நோட்டில் இன்னொரு கட்டம் சேர்ந்தது: பெரியவருடைய கட்டம். காலையில் ஏரியிலிருந்து திரும்பும்போது கோவில் வாசலில் நின்று, "மூணு கூறு சாமி, ரெண்டு நாழி நேரம்" என்று சொல்லிவிட்டுப் போவார். எந்த மீன் எவ்வளவு என்பதையும் சொல்வார். ஒன்றும் கிடைக்காத நாளில் தொலைவிலிருந்தே கையை விரித்துக் காட்டுவார். நாம் சுழி போடுவோம். நம் தூண்டில் கணக்கைவிட அவர் கணக்கே ஏரிக்கு நெருக்கமானது. நாம் அமர்வது ஓர் இடத்தில். அவர் ஏரி முழுவதையும் கையால் தடவுகிறவர்.

2024இல் குத்தகை மீண்டும் ஏலத்துக்கு வந்தது. பழைய குற்றச்சாட்டும் மீண்டும் எழுந்தது. இம்முறை நம் நோட்டு மூன்றாண்டுக் கணக்கோடு ஊர்க்கூட்டத்தில் வைக்கப்பட்டது. எத்தனை நாள், எத்தனை மணி, எத்தனை சுழி என்று எதைக் கேட்டாலும் விடை இருந்தது. கூட்டத்தில் இருந்த ஓர் ஆசிரியர் அதைக் கூட்டிக் கழித்துப் பலகையில் எழுதினார்.

பலகை சொன்னது நாம் எதிர்பார்த்ததன்று. 2021 கோடையில் பெரியவருக்கு ஒரு காலைப்பொழுதில் கிடைத்தது பெரும்பாலும் ஒரு கூறு, இரண்டு கூறு. அவ்வாண்டு நவம்பரில் பாலாறும் செய்யாறும் பெருவெள்ளம் கண்டன. ஏரி கலங்கல் வழிந்தது. ஆற்றுமீன் கால்வாய் வழியே ஏறிவந்தது. அதன்பின் உளுவையும் அயிரையும் கெண்டையும் இருமடங்குக்கு மேல் கூடியிருந்தன. ஆப்பிரிக்கக் கெளுத்தியோ எல்லா ஆண்டுகளிலும் நோட்டில் இருந்தது, வெள்ளத்துக்குப் பிறகும் இருந்தது. அஃதாவது, அந்த மீன் இருக்கும்போதே சிறுமீன் பெருகியிருக்கிறது. சிறுமீன் குறைந்ததற்கு 2019இன் வறட்சியே பெரிய காரணமாக இருந்திருக்கலாம் என்று ஆசிரியர் சொன்னார். விரால் மட்டும் மீளவில்லை. அதற்கு ஆப்பிரிக்கக் கெளுத்தி காரணமா, செந்திரளைக் கண்டதும் தாய்மீனைப் பிடித்தவர்கள் காரணமா என்பதை நோட்டு சொல்லவில்லை. அப்படிப் பிடித்தவர்களில் நாமும் ஒருவர்.

புதிய குத்தகையில், கட்லா, ரோகு, மிர்கால் தவிர வேறு குஞ்சு விடக்கூடாது, விடும் நாளில் ஊரார் இருவர் உடனிருக்கவேண்டும் என்று ஒரு வரி சேர்க்கப்பட்டது. அவ்வளவில் கூட்டம் கலைந்தது.

பெரியவர் கலையவில்லை. அரசமரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார். நாம் அருகில் சென்றோம்.

"அப்போ நான் சொன்னது பொய்யா சாமி?"

"பொய் இல்லை பெரியவரே. அந்த ரெண்டு வருஷத்துல ஏரியில என்ன நடந்ததுன்னு தெரிஞ்சிருந்தா, உங்க பேச்சு நின்னிருக்கும். அதை எழுதியிருக்க வேண்டியவன் நான். நான் வேற எதையோ எழுதிக்கிட்டு இருந்தேன்."

அவர் மறுமொழி சொல்லவில்லை. "எனுக்குத் தெரியும் சாமி, அந்தப் பெரிய கெளுத்திதான்" என்று மட்டும் சிறிது நேரம் கழித்துச் சொன்னார். அவர் சொல்வது உண்மையாக இருக்கவும் கூடும். நம் முதல் நோட்டு வாய் திறந்தால் மட்டுமே அது தெரியும். அதில் வானம் இருக்கிறது, தக்கை இருக்கிறது, ஒரு கிலோ கூடுதலான விரால் இருக்கிறது. அந்நோட்டைக் கிழித்தெறிய நினைத்ததுண்டு. கிழிக்கவில்லை. அறைப் பெட்டியில், திருமுழுக்குப் பதிவேட்டின் பழைய பிரதிகளுக்கு அருகில் கிடக்கிறது. பதிவேட்டில் பெயரும் தேதியும் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் தவிர ஓர் அலங்காரச் சொல் கிடையாது என்பதை அதை வைக்கும்போது கவனித்தோம்.

வரும் மே மாதத்தில் நமக்கு மாற்றல் வரக்கூடும். அடுத்து வருகிறவர் தூண்டில் பிடிப்பவரா என்பது தெரியாது. பிடிக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. ஆகவே, கடந்த ஆடி மாதத்திலிருந்து நோட்டைப் பெரியவருடைய பேத்தியிடம் கொடுத்துவிட்டோம். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். நம்முடைய வரியை மாலையில் கேட்டு எழுதிக்கொள்கிறாள். தாத்தாவின் வரியை வீட்டிலேயே எழுதுகிறாள். மதகுப் படியை எண்ணுவதை யாரிடமும் விடுவதில்லை, தானே ஓடிப்போய் எண்ணிவருகிறாள். 'கெளுத்தி' என்பதை எப்போதும் 'கெழுத்தி' என்றே எழுதுகிறாள். திருத்தவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறோம்.

சென்ற வாரம் ஒருநாள் அவள் நோட்டை வாங்கிப் பார்த்தோம். முந்தின நாளுக்கு உரிய இடத்தில் ஒரு கோடு இழுத்து, அதன் பக்கத்தில் சிறிய எழுத்தில் இவ்வாறு எழுதியிருந்தாள்: "தாத்தா போகல. காய்ச்சல். தண்ணி ஆறு படி."